திருப்பிப் போட்ட கே

பேஸ்பால் பற்றி நான் ஒரு பதிவு எழுதுவேன் என்று பத்து வருடங்களுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நான் கோவில்பட்டிக்காரன். ஹாக்கி மட்டை பிடிக்கத் தெரியாதவனை ஏற இறங்கப் பார்க்கிற ஊர் அது. நானோ ஹாக்கியும் ஆடவில்லை, கிரிக்கெட்டிலும் தேறவில்லை. எல்லைக்கோட்டுக்கு அப்பால் முள்செடிக்குள் விழுந்த பந்தைப் பொறுக்கிக் கொடுத்தே பள்ளிக்காலத்தை ஓட்டியவன். பிழைப்பு என்னை ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டியில் கொண்டுவந்து இறக்கியது. மகன் இங்கேயே பிறந்தான். ஏழு வயதில் ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து, "எல்லாரும் பேஸ்பால் சேர்கிறார்கள், நானும் சேரட்டுமா?" என்றான். சேர்த்துவிட்டேன். இப்போது அவனுக்குப் பதினான்கு.

ஜூன் மாதம் தந்தையர் தினம் நெருங்கினால் இந்த நாட்டில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். அப்பாவையும் மகனையும் பேஸ்பால் சேர்த்துவைப்பதுபோல வேறெதுவும் சேர்த்துவைப்பதில்லையாம். புல்தரை, மாலை வெயில், கையுறை மாட்டிய அப்பா, காதுவரை இறங்கிய தொப்பியுடன் பையன் என்று விளம்பரம் விளம்பரமாகப் போட்டுத் தள்ளுவார்கள். இதில் எனக்குப் பாதி உடன்பாடு. சேர்த்துவைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அப்பா உட்கார்ந்து மகனுக்கு ஆட்டம் கற்றுக்கொடுக்கிறார், அதனால் பாசம் வளர்கிறது என்கிறார்களே, அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நான் கண்டவரை, அப்பாவின் வாயை அடைக்கிற சில நல்ல ஏற்பாடுகள் இந்த விளையாட்டுக்குள் இருக்கின்றன. காரியம் நடப்பது அவற்றால்தான்.

பந்தை மாற்றி மாற்றி எறிந்து பிடிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே அதற்கு 'கேட்ச்' என்று பெயர். வெற்றி தோல்வி கிடையாது, எண்ணிக்கை கிடையாது, முடிவும் கிடையாது. இருட்டினால் வீட்டுக்குள் போக வேண்டியதுதான். பந்து ஐந்து அவுன்ஸ் எடை, சிவப்பு நூலில் 108 தையல். (தொலைபேசியில் அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். "பிள்ளையாரைச் சுற்றுகிற கணக்குத்தானே, நல்லதுதான், விளையாடட்டும்" என்றாள்.) பந்து வந்துகொண்டே இருப்பதால் உங்களால் முழு வாக்கியம் பேச முடியாது. "நாளைக்குக் கணக்குப் பரீட்சை..." என்று ஆரம்பிப்பதற்குள் பந்து முகத்துக்கு நேரே நிற்கும். சாப்பாட்டு மேசையில் "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்பவன், நாற்பதாவது எறியிலோ ஐம்பதாவது எறியிலோ தானாகவே வாயைத் திறப்பான்.

"ஒருத்தன் என் சாப்பாட்டைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டான்."

நான் பந்தைத் திருப்பி எறிந்தேன். "என்ன சாப்பாடு?"

"புளிசாதம்."

எறிந்தேன். பிடித்தான். "நாளைக்கும் அதையே வைக்கச் சொல்லுங்கள்" என்றான். முகம் பார்த்துப் பேசியிருந்தால் நான் ஒரு பிரசங்கமே நடத்தியிருப்பேன். அதற்குப் பந்து இடம் கொடுக்கவில்லை.

கையுறை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். புதுக் கையுறை அட்டைபோல விறைத்துக்கொண்டு நிற்கும். எண்ணெய் தடவி, நடுவில் ஒரு பந்தை வைத்து, ரப்பர் பட்டையால் கட்டி, மெத்தைக்கடியில் வைத்துப் படுத்தால்தான் பழகும் என்றார்கள். எண்ணெய் என்றதும் நான் சமையலறைக்குப் போய் நல்லெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்தேன். தாராளமாகவே தேய்த்தேன். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் போட்டதுபோல அந்தக் கையுறை கறுத்துக் கனத்து, அந்தப் பருவம் முழுவதும் எள் மணத்தோடு மைதானத்துக்குப் போய்வந்தது. இதற்கென்றே தனி எண்ணெய் விற்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மகன் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருடம் அதையே போட்டான்.

இனி என் குற்றம். அவனுடைய இரண்டாவது பருவத்தில் எனக்கு விதிகள் அரைகுறையாகப் பிடிபட்டன. அரைகுறை ஞானத்துக்குத்தான் சத்தம் அதிகம். கம்பிவேலிக்கு வெளியே நின்றுகொண்டு "அடி!", "அடிக்காதே!", "ஓடு!" என்று கத்துவேன். பையன் மட்டையைத் தூக்கிவைத்துக்கொண்டு பந்தைப் பார்ப்பதற்குப் பதிலாக என்னைத் திரும்பிப் பார்ப்பான். ஆட்டம் முடிந்து காரில் வீட்டுக்குப் போகிற இருபது நிமிடமும் வகுப்பு எடுப்பேன். ஒரு நாள் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவன், அதற்குப் பிறகு இரண்டு வாரம் பந்து எறிய வா என்று என்னைக் கூப்பிடவே இல்லை. கையுறை மாடிப்படியில் கிடந்தது.

என்னைத் திருத்தியது அந்த அணியின் பயிற்சியாளர். அவர் ஒரு பெண்மணி. அவருடைய மகளும் அதே அணியில் ஆடினாள். (1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கிய, சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக், பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள 1974 ஆகிவிட்டது, அதுவும் வழக்குக்குப் பிறகு. 'அப்பாவும் மகனும்' என்று உருகுகிறவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொண்டு உருகலாம்.) அந்த அம்மா என்னிடம் கோபப்படவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கூர்சீவிய பென்சிலையும் கையில் கொடுத்து, "ஸ்கோர் எழுத ஆளில்லை, நீங்கள் எழுதுங்கள்" என்றார். ஸ்கோர் எழுதுகிறவர் கத்தக்கூடாது என்று கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். கெட்டிக்காரி.

எழுதத் தெரிய வேண்டுமே! அன்றிரவு சாப்பாட்டு மேசையில் எட்டு வயது மகன் எனக்குப் பாடம் எடுத்தான். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் எண் உண்டு. பந்து எறியும் பிட்சர் 1, மட்டைக்காரருக்குப் பின்னால் குந்திப் பிடிக்கும் கேட்சர் 2, முதல் பேஸில் நிற்பவர் 3 (பேஸ் என்றால் ஓடித் தொட வேண்டிய மூலை), இரண்டாவது பேஸ் 4, மூன்றாவது பேஸ் 5, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, பின்னால் நிற்கும் மூவரும் 7, 8, 9. பந்து ஷார்ட்ஸ்டாப்பிடமிருந்து இரண்டாவது பேஸுக்கும் அங்கிருந்து முதல் பேஸுக்கும் போய் இரண்டு பேர் அவுட் ஆனால் 6-4-3. ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஒரு பையனின் ஐந்து நிமிட வாழ்க்கை அடங்கிவிடுகிறது. வீசித் தவறவிட்டாலும், அடிக்கக்கூடிய பந்தை வீசாமல் விட்டாலும் அது ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் வாங்கி வெளியேறினால் ஆங்கில எழுத்து கே (K). அதிலும் இரண்டு வகை. மட்டையை வீசித் தவறவிட்டு வெளியேறினால் நேரான கே. வீசாமலே நின்று, வந்த பந்தை அம்பயர் மூன்றாவது ஸ்ட்ரைக் என்று சொல்லி வெளியேறினால் அதே எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட வேண்டும். வீசிப் பார்த்தவனுக்கும் வேடிக்கை பார்த்தவனுக்கும் உள்ள வித்தியாசம். "சரியாகத் திருப்பிப் போடுங்கள் அப்பா, எல்லாரும் படிப்பார்கள்" என்று என் கையெழுத்தைத் திருத்தினான்.

அவனுக்குப் பத்து வயதானபோது ஒரு ஆட்டம். கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் ஆள், ஒரு ரன் பின்தங்கல். மட்டையோடு வந்தவன் என் மகன். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. மூன்றாவது பந்து நேர் நடுவில் வந்தது. அவன் கை அசையவில்லை. அம்பயர் கையை உயர்த்தினார். எதிரணி துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தபோது நான் அந்தக் கட்டத்துக்குள் எழுத்தைத் திருப்பிப் போட்டேன். போட்டு முடிக்கும்வரை குனிந்தேதான் இருந்தேன். பென்சில் முனை உடைந்துவிட்டது.

காரில் நான் பேசவில்லை. பாலம் தாண்டியதும் அவன் கேட்டான்:

"எப்படி எழுதினீர்கள்?"

"திருப்பிப் போட்டுத்தான்."

"சரிதான். அது ஸ்ட்ரைக்தான்."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கையுறைகளை எடுத்துவந்தான். இருட்டும்வரை எறிந்தோம்.

இந்த ஊரில் இருந்துகொண்டு கிரிஃபி குடும்பத்தைப் பேசாமல் இருக்க முடியாது. கென் கிரிஃபி சீனியர் 1970களில் சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் பொற்காலத்தில் ஆடியவர். அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே அவருடைய அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அப்பா இல்லாமல் வளர்ந்த அந்த மனிதர், பெற்ற மகன் கென் கிரிஃபி ஜூனியரோடு ஒரே அணியில், ஒரே ஆட்டத்தில் இறங்கினார். 1990 ஆகஸ்ட் 31, சியாட்டில் மரினர்ஸ் அணி. அப்பாவுக்கு 40 வயது, ஜூனியருக்கு 20. இந்த நாட்டின் உச்சப் பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் அதற்கு முன் இப்படி நடந்ததே இல்லை. அப்பா இரண்டாவதாக மட்டை பிடிக்க, மகன் மூன்றாவதாக வந்தார். முதல் இன்னிங்ஸிலேயே இருவரும் ஆளுக்கொரு சிங்கிள் (முதல் பேஸை எட்டும் அடி) அடித்தார்கள். இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 14 அன்று அனாஹைமில், அப்பா ஒரு ஹோம் ரன் (பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் அடி) அடித்துவிட்டு வர, அடுத்து வந்த மகனும் ஒன்று அடித்தார்.

எல்லாரும் சொல்வது இந்தக் கதையைத்தான். எனக்குப் பிடித்தது வேறு. ஜூனியர் 2000இல் ரெட்ஸ் அணிக்கு வந்தபோது அப்பா இங்கே அணிந்த 30ஆம் எண் சட்டையை எடுத்துக்கொண்டார். 2004இல் தந்தையர் தினத்தன்று, செயின்ட் லூயிஸில், அப்பா பார்த்துக்கொண்டிருக்க, தன் 500ஆவது ஹோம் ரனை அடித்தார். அது அவருடைய 2,143ஆவது ஹிட், அதாவது பந்தை அடித்து பேஸை எட்டிய தடவை. அப்பா தன் ஆட்ட வாழ்க்கை முழுவதிலும் அடித்த ஹிட்டுகளும் 2,143தான். அந்த ஒரு அடியில் அப்பாவை எட்டிப் பிடித்துவிட்டார். நாம் கதையில் எழுதினால் நம்பமாட்டார்கள். பிறகு 2006இல் எண்ணை மாற்றி 3 என்று போட்டுக்கொண்டார், தன் மூன்று பிள்ளைகளுக்காக. ஒரு மனிதன் மகனாக இருந்து அப்பாவாக மாறியதைச் சட்டையின் முதுகிலேயே படித்துவிடலாம்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மிக்கி மேண்டில் ஓக்லஹோமாவில் ஈய, துத்தநாகச் சுரங்கத் தொழிலாளியின் மகன். பிறந்ததுமே ஒரு பேஸ்பால் வீரரின் பெயரை வைத்த அப்பா, வலக்கையால் தான் பந்து எறிந்தும், இடக்கையால் தாத்தாவை எறியச் செய்தும், மகனை இரண்டு பக்கமும் மட்டை வீசப் பழக்கினார். 1951இல் கீழ்மட்ட அணிக்குத் தள்ளப்பட்ட மகன் மனமுடைந்து கூப்பிட்டபோது, அப்பா கான்சஸ் சிட்டிக்கு வந்து, ஆறுதல் சொல்லாமல் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாராம், வா, என்னோடு சுரங்கத்துக்கு என்று. அடுத்த வருடமே அப்பா இறந்துபோனார். மேண்டில் மகத்தான ஆட்டக்காரரானார்; ஆனால் தன் பிள்ளைகளுக்கு நல்ல அப்பாவாக இருக்கவில்லை என்று கடைசிக் காலத்தில் அவரே வருந்திச் சொன்னார். ஜப்பானிய பேஸ்பால் நட்சத்திரம் இச்சிரோ சுஸுகியின் அப்பா ஏழு வயதிலிருந்து தினமும் மகனைப் பயிற்சியில் பிழிந்தெடுத்தார். அது கொடுமையை ஒட்டியே இருந்தது என்று இச்சிரோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். சாதனைப் பட்டியலைக் காட்டி இந்த அப்பாக்களை நியாயப்படுத்துகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

அதே ஜப்பானில் பிறந்த இன்னொரு பேஸ்பால் நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானியின் அப்பாவும் மகனுக்குப் பயிற்சியாளராக இருந்தவர்தான். வாகனத் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, மகனோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பரிமாறிக்கொள்வார். அவர் வலியுறுத்தியவை மூன்றுதான்: உற்சாகமாகக் குரல் கொடு, கேட்ச் விளையாடுவதைக் கவனமாகச் செய், முழு மூச்சோடு ஓடு. பேசித் தீர்க்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறார் பாருங்கள், அங்கேதான் என் ஓட்டு.

ஒரு மனக்குறை. 2023 முதல் மேஜர் லீக்கில் பிட்சருக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள். பேஸில் ஆளில்லாவிட்டால் 15 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். மூன்று மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டிருந்த ஆட்டம் 2 மணி 40 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. எல்லாரும் பாராட்டுகிறார்கள். போன அந்த இருபத்துச் சொச்ச நிமிடம் எனக்கு வேண்டும் ஐயா. ஆற்றங்கரை மைதானத்தின் உயரமான வரிசையில், மலிவு டிக்கெட்டில், வேர்க்கடலை உடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத நேரத்தில்தான் அவன் என்னிடம் எதையாவது சொல்வான்.

என் அப்பாவும் நானும் எதுவும் விளையாடியதில்லை. 1986 செப்டம்பரில், சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட், இரு அணியின் ரன்களும் சமமாகி 'டை'யில் முடிந்தபோது வானொலிக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பத்து வயது. மறுநாள் பரீட்சை. 'போய்ப் படி' என்று அவர் சொல்லவில்லை. "யார் ஜெயித்தது அப்பா?" என்றேன். "யாருமில்லை" என்றார். இரவு கடைக்குக் கூட்டிப்போய் இரண்டு புரோட்டா வாங்கிக்கொடுத்தார். அவரோடு நான் மிக நெருக்கமாக இருந்த நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

நேற்று மாலை மகனோடு எறிந்துகொண்டிருந்தேன். என்னைவிட ஒரு விரல்கடை உயரமாகிவிட்டான். பந்து மெத்தென்று வந்து விழுந்தது. எனக்காக வேகத்தைக் குறைக்கிறான் என்பது ஏழெட்டு எறிக்குப் பிறகுதான் உறைத்தது.

"ஒழுங்காகப் போடுடா" என்றேன்.

"சரியா?" என்றான்.

"போடு."

போட்டான். இடது உள்ளங்கை இன்னும் சிவந்து வீங்கித்தான் இருக்கிறது. ஒற்றைக் கையால் தட்டிய பதிவு இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.