எஞ்சினுக்கு முன்னால் தரையைப் பாருங்கள்
ஃபோர்டின் பழைய மஸ்டாங் கன்வெர்டிபிளை (கூரையை மடக்கித் திறக்கும் கார்) வார இறுதியில் ஓட்டத் தயார்செய்ய முதலில் எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1965 மஸ்டாங்கில் அடியில் தனிச் சட்டகம் (சேஸிஸ்) கிடையாது. பாடியேதான் சுமையைத் தாங்குகிறது. நிலையான இரும்புக் கூரையும் இல்லாததால் கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பேனல்தான் அதற்கு முதுகெலும்பு. முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள கௌல் என்ற தகட்டுப் பகுதி துருப்பிடித்தால் மழைநீர் நேராக உள்ளே இறங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் தரையை அரித்துக்கொண்டே இருக்கும். ஓஹியோவில் நண்பருடன் சேர்ந்து ஒன்றைச் சரிசெய்தபோது எஞ்சின் நன்றாகவே ஓடியது, ஆனால் ஜாக் வைத்துத் தூக்கினால் கதவு மூடவில்லை. கதவு வாசலில் குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்த பிறகே துருப்பிடித்த பழைய தகட்டை வெட்டினோம், இல்லையென்றால் பாடி நடுவில் வளைந்துவிடும். கட்டுரைக்குக் கீழே கருத்து எழுதிய ஒருவர் எல்லாமே ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்கிறார். கண்காட்சிக்குச் சரி. ஆனால் 1965 மஸ்டாங்கில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சர்க்யூட், அதாவது பிரேக் திரவம் ஓடும் ஒரே தடம். ஒரு குழாய் கசிந்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் தனித்தனியாக அழுத்தம் தரும் 1967 மாடலின் இரட்டை மாஸ்டர் சிலிண்டரை இதில் பொருத்தலாம். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி என்றால் பெயின்ட், குரோம் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் மாற்றுவேன்.