ஐப்பசியில் இறுகும் ஜன்னல்

"மரத்தை வெட்ட வேண்டாம் சார், யூபிவிசி போட்டுருங்க. சுற்றுச்சூழலுக்கும் நல்லது." வீடு கட்டும்போது ஜன்னல் விற்க வந்த தம்பி இப்படித்தான் ஆரம்பித்தார். நியாயமாகப் பட்டது. முன்பணம் கொடுக்கவே போய்விட்டேன்.

அப்புறம்தான் அந்த வெள்ளைச் சட்டம் எதனால் ஆனது என்று தேடிப் பார்த்தேன். யூபிவிசி என்பது பிவிசி பிளாஸ்டிக்கின் கெட்டியான வகை. பிவிசியின் எடையில் 57 சதவீதம் குளோரின். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி எடுப்பது. மீதி பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தோ எரிவாயுவிலிருந்தோ வருவது. நடுவில் உருவாகும் வினைல் குளோரைடு புற்றுநோய் தரும் வாயு. ஜன்னலான பிறகு அது நம் வீட்டுக்குள் வந்து கொல்லாது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் குப்பைமேட்டில் எரிந்தால் அமிலப் புகையும் டையாக்சின் என்ற நச்சும் கிளம்பும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தபோது அந்தப் பக்கம் இருந்தவர்களைக் கேளுங்கள். மறுசுழற்சி செய்யலாமே என்பார்கள். செய்யலாம்தான். எங்கள் தெருவுக்கு வரும் பழைய இரும்புக்காரர் அதைத் தொடவே மாட்டேன் என்கிறார்.

மரத்தின் கணக்கு வேறு. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். காற்றிலிருந்து மரம் இழுத்து வைத்தது. ஜன்னல் மக்காமல், எரியாமல் இருக்கும் வரை அது அங்கேயே இருக்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய், இடித்த வீட்டு ஜன்னல்கள் நான்கு வாங்கி வந்தேன். மேலே பச்சை பெயின்ட், அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் ஏதோ ஒரு காவி. ஆசாரி இழைப்புளியை நாலு தடவை ஓட்டியதும் தேன் நிறத்தில் ரேகை தெரிந்தது. தேக்கு வாசனை! எத்தனை வருஷத்து மரமோ. ஒரு சட்டத்தின் அடிப்பாகம் மட்டும் உளுத்திருந்தது. அந்தத் துண்டை அறுத்தெடுத்து, வேறு மரத்தைப் பொருத்தி, மூங்கில் ஆணி அடித்து முடித்துவிட்டார். அரை நாள் வேலை. நண்பர் வீட்டு பிளாஸ்டிக் ஜன்னலில் எட்டாவது வருஷம் உருளை உடைந்தது. அந்த மாடலே இப்போது இல்லையாம், ஜன்னலையே மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

அதற்காக எல்லோரும் பர்மா தேக்குக்கு ஓட வேண்டாம். காட்டை அழித்து வரும் மரத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 2021-ல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்தக் காசு ராணுவத்துக்கும் போகிறது. பழைய மரம் கிடைக்காவிட்டால் நம் ஊர் வேம்பு இருக்கிறது, கரையான் லேசில் தொடாது. வரப்பில் வளர்த்த தேக்கு இருக்கிறது. வைரம் பாய்ந்ததாகப் பார்த்து வாங்கி, நன்றாகக் காயவிட வேண்டும். பச்சை மரத்தில் சட்டம் அடித்தால் முறுக்கிக்கொள்ளும்.

பராமரிப்பு உண்டு, மறைக்கவில்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெய் பூச வேண்டும். மழைக்கு மரம் உப்பும். ஐப்பசி பிறந்தால் எங்கள் சமையலறை ஜன்னலை முழங்கையால் இடித்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் இழைத்துவிடுங்களேன் என்று ஆசாரியைக் கேட்டேன். "தை வரட்டும், தானா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துக் கிளம்பிவிட்டார்.