ஓவியப் பயிற்சி மாத்திரைக்கு மாற்று இல்லை

"மூன்று மாதம் ஓவியமும் களிமண் வேலையும் செய்தால் மனச்சோர்வு முழுசாகக் குணமாகும், மாத்திரையை நிறுத்திவிடலாம், உலக சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டது" என்று நெல்லை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அந்த நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது உண்மைதான். 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலை உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் துணைநிற்கும் என்றது. மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. அறிக்கை அவர்களுடைய இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

கூடி உட்கார்ந்து செய்வதில் பலன் நிச்சயம் இருக்கிறது. காருகுறிச்சியில் மண்ணைப் பிசையும்போதும் பத்தமடையில் கோரையைப் பின்னும்போதும் மனசு கையோடு நிலைக்கிறது. பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு தானாக வருகிறது. காது கேளாதவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் அங்கே சமமாக உட்காரலாம். வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! பயிற்சிக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம்.

சந்தேகம் இருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் கேளுங்கள். அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அந்தச் செய்தி வந்திருந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியவரிடமும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.