சிறுவாணி நாக்கும் சென்னை போர் தண்ணீரும்

சிறுவாணி ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாக்கை வைத்துக்கொண்டு சென்னையில் குடித்தனம் நடத்துவது பெரிய தண்டனை. கோயம்புத்தூரில் குழாயைத் திறந்து, சொம்பில் பிடித்து அப்படியே குடிப்போம். இங்கே எங்கள் அடுக்ககத்தில் ஆழ்துளைக் கிணற்றுப் போர் தண்ணீர்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தேன், 1,400. குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரநிலை. ஆக, நாங்கள் வேறு வழியே இல்லாத கூட்டம்.

கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்ததைக் கரண்டியால் சுரண்டினால் சுண்ணாம்புச் சுவர்போல் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. துவரம்பருப்பு ஆறு விசிலுக்கும் அசையவில்லை. சோப்பு நுரைக்காது. தலைமுடியைப் பற்றிப் பேச வேண்டாம், பேச அதிகம் மிச்சமில்லை.

சரி, கேன் தண்ணீர் வாங்கலாம் என்றால் அது இன்னொரு கொடுமை. ஆர்ஓ சுத்திகரிப்பில் உப்பையெல்லாம் உருவி எடுத்துவிடுகிறார்கள். குடித்தால் தாகம் தீர்ந்த மாதிரியே இல்லை.

அம்மா வரும்போதெல்லாம் இரண்டு பாட்டில் சிறுவாணி சுமந்து வருவார், என் காபிக்கென்றே. போன வாரம் மச்சான் வந்தான். அதில் ஒன்றைத் திறந்து கை கழுவிவிட்டுப் போய்விட்டான்.