கடுகண்ணாவைக் கோபுரம் யாருடைய நினைவாக?

கொழும்பு – கண்டி வீதியையும் வரக்காப்பொல, கேகாலை, மாவனல்லை முதலிய அதன் ஊர்களையும் கொண்டாடும் சமூக விழா பற்றிய இந்த உரையாடலில், கடுகண்ணாவையில் வீதியோரம் நிற்கும் வெள்ளைக் கோபுரம் பிரித்தானிய ஆட்சிக்கால இலங்கை ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் நினைவாக எழுப்பப்பட்டது என்ற செய்தி பலராலும் பகிரப்பட்டு வருகிறது. பகிர்ந்தவர்கள் மீது எனக்குக் குறை இல்லை; ஆனால் அது சரியல்ல.

அக்கோபுரம், அந்த வீதியைத் திட்டமிட்டு அமைக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய பொறியியலாளர் கப்டன் டோசனுக்கு உரியது. 1829 மார்ச்சில் அவர் கொழும்பில் காலமானார். நண்பர்களும் அபிமானிகளும் திரட்டிய நிதியில் 1832இல் கோபுரம் எழுந்தது. வீதியை அமைக்கும்படி பணித்த ஆளுநர் பார்ன்ஸ் என்பதாலும், கொழும்பிலிருந்து செல்லும் வீதிகளின் தூரம் கொழும்பின் கோட்டைப் பகுதியிலுள்ள அவருடைய சிலையிலிருந்தே அளக்கப்பட்டு வந்ததாலும் இரு பெயர்களும் கலந்துவிட்டன போலும்.

இதை உறுதிசெய்ய நூலகம் வரை போகவேண்டியதில்லை. கோபுரத்தில் பதிக்கப்பட்டுள்ள ஆங்கிலக் கல்வெட்டு டோசனின் பெயர், அவர் இறந்த நாள், நிதி கொடுத்தவர்கள் யார், கட்டிய ஆண்டு ஆகிய அனைத்தையும் தெளிவாகக் கூறுகிறது. கோட்டையிலிருந்து ரயிலில் கடுகண்ணாவையில் இறங்கினால் கோபுரம் கிட்டத்தான். போக முடியாதவர்கள் கல்வெட்டின் படங்களை இணையத்தில் தேடிப் பெரிதாக்கி வாசிக்கலாம். விழாவுக்கான துண்டுப்பிரசுரம் அச்சுக்குப் போகுமுன் அந்த ஒரு வரியைத் திருத்திவிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.