ஓடுகிற உடம்புக்கு ஏற்ற உடை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும் என் அண்ணன் மகள் பள்ளியின் நெடுந்தூர ஓட்ட அணியில் சேர்ந்திருக்கிறாள். உடம்பை ஒட்டி, இழுத்தால் நீளும் லைக்ரா கால்சட்டையில் அவள் பயிற்சிக்குக் கிளம்பியதைக் கண்ட பெரியம்மா, "பெண்பிள்ளை இந்தக் கோலத்திலா சாட்ஸ்வொர்த் தெருக்களில் ஓடுவது?" என்று கேட்டார். அவர்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு; அதனால்தான் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு அஞ்சி, என் முதல் 21 கிலோமீட்டர் ஓட்டத்தை அண்ணனின் பருத்திச் சட்டையிலும் தொளதொளத்த முழுக்கால்சட்டையிலும் ஓடினேன். டர்பன் கடற்கரையின் புழுக்கத்தில் துணி வியர்வையில் ஊறிக் கனத்து, ஒவ்வோர் அடிக்கும் தொடையின் உட்புறத்தை அரம்போல் அராவியது. அன்று மாலை குளிக்கையில் தண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிந்தது. ஒரு வாரம் கால்களை அகற்றி வைத்தே நடந்தேன். இத்தனை தூரம் ஓடுபவருக்கு உடை என்பது முதலில் தோலைப் பற்றிய விஷயம். பார்ப்பவர் கண்ணெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் போட்டி 1921-இல் தொடங்கியது. 1923-இல் பிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண்ணின் விண்ணப்பத்தை மறுத்தார்கள். அவர் பதிவில்லாமலே ஓடி 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். பெண்களுக்கும், இந்திய வம்சாவளியினரான நம்மவர் உள்ளிட்ட எல்லா இனத்தவர்க்கும் கதவு முறைப்படி திறந்தது 1975-இல்தான். லைக்ரா இழை 1958-இலேயே அமெரிக்காவில் உருவாகிவிட்டது. ஆனால் ஓடும் பெண்ணின் மார்பைத் தாங்கும் உள்ளாடையை, அங்கே வெர்மான்ட்டில் மூன்று பெண்கள் விளையாட்டு வீரர்களான ஆண்கள் இடுப்பில் அணியும் ஜாக்ஸ்ட்ராப் என்ற தாங்கு உள்ளாடை இரண்டை இணைத்துத் தைத்து உருவாக்கியது 1977-இல். அதாவது, காம்ரேட்ஸில் பெண்கள் அனுமதிக்கப்பட்டபோது அவர்களுக்கென்று அந்த ஆடைகூடப் பிறந்திருக்கவில்லை. முன்பு பெண்கள் அணிந்தவற்றை மரபென்று போற்றுவோர், வேறு ஆடை கிடைக்காத காலத்தையே மரபாக எண்ணிவிடுகிறார்கள்.

தைப்பூசத்தன்று மஞ்சள் நீரில் நனைந்த சேலை உடம்போடு ஒட்டியிருக்க, வெறுங்காலோடு காவடி எடுத்து வரும் பெண்களைப் பெரியம்மாவும் கையெடுத்துக் கும்பிடுகிறார். அங்கே அவர் காண்பது நோன்பை. துணி அவர் கண்ணிலேயே படுவதில்லை.

கணுக்கால்வரை மூடி, தலையில் துணி கட்டி ஓட விரும்பும் பெண்ணுக்கும் தனக்கேற்ற உடையில் ஓடும் இதே உரிமை உண்டு. வியர்வையை உறிஞ்சித் தேக்காத இன்றைய துணிகள் அவளுக்கும் உதவுகின்றன.

எங்கள் ஓட்டக் குழுவில் இன்னமும் ஆண்களின் அளவில் வெட்டிய பனியனையே பெண்களுக்கும் கொடுக்கிறார்கள். அக்குள் துளை தொளதொளத்து, ஓட ஓடத் தோலை உரசுகிறது. அடுத்த கூட்டத்தில் பெண்களுக்கென்று தனி அளவு கேட்கப் போகிறேன். அண்ணன் மகளையும் உடன் அழைத்துச் செல்கிறேன். பெரியம்மாவும் வந்தால் மிக மகிழ்வேன்.