கரைக்கு மேல இருக்கிற வீட்டை மட்டும் பார்த்துப் பேசாதீங்க

கோயமுத்தூர்ல மழைத்தண்ணி ஓடற ஓடை சங்கனூர்ப் பள்ளம். 2025 ஜனவரியில அதோட கரையில வீடு சரிஞ்ச அந்த வீடியோவை நேத்து யாரோ மறுபடி பகிர, கீழ ஒருத்தர் "பள்ளத்துல கட்டினா பள்ளத்துக்குள்ளதான் போகும், நல்லா வேணும்"னு எழுதியிருந்தார். அதுக்கு வரிசையா சிரிப்புப் பொம்மை. ராத்திரி பூரா மனசு ஆறல.

கரை மேலிருந்து இடியறதில்லைங்க. அடி அரிச்சுத்தான் இடியுது. "2025 ஜனவரியில ஏது மழை? வாய்க்கால் வேலை நடக்கறப்பதானே விழுந்துச்சு"ன்னு கேப்பீங்க. வாஸ்தவம். அடிமண் போனா மேல இருக்கிறது நிக்காதுன்னு அன்னைக்குக் கண்ணால பார்த்தோம். அதே வேலையைத்தான் ஒவ்வொரு பெருமழையும் செய்யுது.

எங்க அப்புச்சி (அம்மாவோட அப்பா) வீடு ஊருக்கு மேக்கால வேற ஒரு பள்ளத்தோரம். பட்டா நிலம். சின்ன வயசுல பள்ளத்துக்கு ஓடித்தான் போவோம், அத்தனை தூரம். நாலு கல்படி இறங்கினா கால் நனையும். போன ஐப்பசியில போய்ப் பார்த்தேன். கடைசிப் படிக்குக் கீழ ஒரு ஆள் ஆழம். புங்கமரத்து வேர் அந்தரத்துல தொங்குது, அதுல பாலித்தீன் பை சிக்கிக் கிடக்குது. நாங்க பள்ளத்துக்கிட்டப் போகலைங்க, அதுதான் வந்துச்சு.

"எல்லாத்துக்கும் காலநிலை மாற்றம்னு சொல்லித் தப்பிக்காதீங்க"ன்னு ஒருத்தர். யாருங்க தப்பிக்கிறது? காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்தைத் தாங்கும். பெய்யறப்ப மொத்தமாக் கொட்டும். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கோயமுத்தூருக்குச் சராசரியா ஒரு வருஷம் பூரா அவ்வளவு பெய்யாது. அப்படி ஒரு மழை இங்க விழுந்தா மண்ணு எங்க குடிக்கும்? தார் ரோடும் மொட்டை மாடியும் அத்தனையையும் உடனுக்குடனே பள்ளத்துல தள்ளிவிடும். உசரமா, வேகமா வர்ற தண்ணி தரையைத் தோண்டும், கரையோட காலை அறுக்கும்.

ஆக்கிரமிப்பே இல்லைன்னு நான் சொல்லல. இருக்கு. ஆனா அதையே சொல்லிட்டு இருந்தா மேல ஏரியைத் தூர்த்து மனை போட்டவங்களை யார் கேக்கறது?

"ரெண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் கட்டினா முடிஞ்சுது"ன்னும் சொல்றாங்க. சுவர் முடியற இடத்துல வேகம் குறையாத தண்ணி அடுத்த மண்கரையில போய் மோதும். அங்க யார் வீடு இருக்குன்னு நினைக்கறீங்க?

அந்த அப்புச்சி வீட்டுல எங்க மாமா சுவத்து விரிசல் மேல சிமெண்ட் பூசி, தேதி எழுதி வச்சிருக்கார். மழை விட்டதும் டார்ச் அடிச்சுப் பார்ப்பார். ஐப்பசியில பூசினது கார்த்திகையிலேயே பொளந்துருச்சு. அந்தச் சுவத்தோரம்தான் எங்க அம்மாயி (அம்மாவோட அம்மா) கட்டில் கிடக்குது.